நூற்றவளின் பெயர்: கைந்நூலும் சாயமும் வீட்டுழைப்பும் பற்றிய சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருங்கே குறிப்பது. இப்பொருத்தம் தற்செயலானதன்று என்பதைப் பவணந்தி முனிவர் அறிந்திருந்தார். கி.பி. 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூலின் பாயிரப் பகுதியில், நூல் யாக்கப்படும் முறைமையை விளக்க அவர் கையாளும் உவமை முழுவதும் நூற்புத் தொழிலிலிருந்து பெறப்பட்டதாகும். சொற்கள் பஞ்சாகின்றன, வாய் கையாகின்றது, அறிவு கதிராகின்றது, புலவன் இருந்து நூற்கும் பெண்ணாகின்றான். இலக்கணம் பயிலும் மாணவர் இவ்வுவமையைத் தலைமுறை தலைமுறையாக மனனஞ் செய்து ஒப்புவித்து வந்துள்ளனர். அப்பெண் யார், அவள் தனது தொழிலை எங்கே எவரிடம் கற்றாள், அதனால் அவள் பெற்ற ஊதியம் யாது என்ற வினாக்கள் மட்டும் எழுப்பப்பட்டதில்லை. இலக்கிய மாணவராகிய நாம் உவமேயத்தில் காட்டிய அக்கறையை உவமானத்தில் காட்டத் தவறிவிட்டோம்.

சங்க இலக்கியம் இவ்விடத்தில் சற்றுக் கூடுதலான செய்தியைத் தருகின்றது. புறநானூறு ‘பருத்திப் பெண்டு’ என ஒருத்தியைக் குறிப்பிடுகின்றது. அந்நூலின் 326ஆம் செய்யுளில் அவளது சிறிய விளக்கொளி வருகின்றது. நற்றிணையின் 353ஆம் செய்யுளோ ஆடவர் துணையற்ற பெண்டிர் தமது முயற்சியால் நூற்ற நுண்ணிய இழையை உவமையாக எடுத்தாளுகின்றது. இரவு, சிறு விளக்கு, துணையற்ற பெண் ஆகிய மூன்றும் புலவர் மனத்தில் நூற்புத் தொழிலோடு இயல்பாகவே இணைந்திருந்தன. அழகியற் சிறப்புக்காக மட்டும் இச்செய்யுள்களைப் படிப்போர், இங்கு ஒரு தொழிலின் சமூக இருப்பிடம் பதிவாகியிருப்பதைக் கவனிப்பதில்லை. கணவனை இழந்தோ பிரிந்தோ வாழும் பெண்ணுக்கு நிலமும் இல்லை, மந்தையும் இல்லை. அவளிடம் எஞ்சியிருப்பவை விரல்களும் நேரமுமே. அவ்விரண்டையும் கொண்டு செய்யக்கூடிய தொழில் நூற்பாகும்.

இதனை வலியுறுத்துவதற்குக் காரணமுண்டு. இந்தியக் கைத்தொழில்களின் அழிவு பற்றிய நமது எண்ணங்கள் பெரும்பாலும் நெசவாளனை மையமாகக் கொண்டே உருவாகியுள்ளன. நெசவாளரின் எலும்புகள் இந்தியச் சமவெளிகளை வெண்மையாக்கின என்ற பொருளில் ‘மூலதனம்’ தரும் காட்சி முற்போக்கு எழுத்தாளர் அனைவர் நினைவிலும் பதிந்திருப்பது. ஆயின் அதே மார்க்ஸ் 1853ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயோர்க் நாளேடொன்றில் எழுதிய கட்டுரையில், நூற்பவரையும் நெய்பவரையும் வேறுபடுத்தியே நோக்குகின்றார். ஆங்கிலேயர் தலையீடு நூற்பவனை லங்காஷயரிலும் நெய்பவனை வங்காளத்திலும் நிறுத்திற்று என்பது அங்கு அவர் கருத்து. 1818க்கும் 1836க்கும் இடையில் பிரித்தானியாவிலிருந்து இந்தியாவுக்கு ஏற்றுமதியான நூலின் அளவு 1க்கு 5,200 என்ற விகிதத்தில் பெருகியதையும் அவர் எடுத்துக்காட்டுகின்றார். துணியன்று, நூல் என்பது கவனிக்கப்பட வேண்டும். நம்முள் பலர் எலும்புகளைப் பற்றிய வசனத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த விகிதத்தை மறந்துவிட்டோம்.

பின்வந்த ஆய்வுகள் இவ்வேறுபாட்டை மேலும் துலக்கியுள்ளன. நெசவாளர் பெருந்தொகையினராகப் பாதிக்கப்பட்டனர் என்பதில் ஐயமில்லை. எனினும் கைத்தறி முற்றாக அழியவில்லை. இறக்குமதியான ஆலைநூலைப் பாவாகவும் ஊடையாகவும் பயன்படுத்தி அது பல பகுதிகளில் நிலைத்தது. கைந்நூற்போ ஏறக்குறைய முழுவதும் மறைந்தது. நெசவாளன் நூலை மாற்றிக்கொண்டான். பின்னர் காணப்போவதுபோலச் சாயக்காரன் சாயத்தை மாற்றிக்கொண்டான். நூற்றவளுக்கு மாற்றிக்கொள்வதற்கென எதுவும் இருக்கவில்லை.

தொழிலின் தன்மையை அறியாமல் இதனை விளங்கிக்கொள்ளல் அரிது. பறித்த பருத்தியிலிருந்து முதலில் கொட்டையை நீக்கவேண்டும். பின்னர் வில்லின் நாணால் பஞ்சைக் கொட்டி, இழைகள் ஒன்றிலிருந்து ஒன்று விடுபடுமாறு பொதுமச் செய்து, விரல் பருமனான திரிகளாக உருட்டவேண்டும். நூற்பவள் ஒரு கையால் இராட்டைச் சக்கரத்தைச் சுழற்ற, மறுகை திரியைப் பிடித்துக் கதிரின் முனையிலிருந்து மெல்லப் பின்னோக்கி இழுக்கும். கதிர் சுழலுந்தோறும் இழையில் முறுக்கு ஏறும். போதிய முறுக்கு ஏறியதும் கையைச் சற்று உயர்த்தி, நூற்ற நீளத்தைக் கதிரில் சுற்றிக்கொள்ள வேண்டும். தொழில் முழுவதும் ஒரேயொரு நுட்பத்தில் தங்கியுள்ளது: முறுக்கு ஓடிவரும் வேகத்துக்கு ஈடாக விரல்கள் பஞ்சை விட்டுக்கொடுக்க வேண்டும். விரைந்து விட்டால் இழை தடித்துக் கட்டி விழும், தயங்கினால் அற்றுவிடும்.

இக்கட்டுரையாளர் இப்பொருள் பற்றி வாசிக்கத் தொடங்கிய காலத்தில், தக்ளி ஒன்றையும் சிறிதளவு பஞ்சையும் பெற்று வீட்டிலே நூற்றுப் பழக முயன்றதுண்டு. முதல் வாரம் முழுவதும் ஒரு முழ நீளம்கூட அறாமல் வரவில்லை. கைநூல்கள் தந்த விளக்கங்கள் அனைத்தும் சரியானவையாகவே இருந்தன. அவற்றை வாசித்தமையால் விரல்களுக்கு யாதொரு பயனும் விளையவில்லை. நூற்றுப் பழகியவர் ஒருவர் எதிரே அமர்ந்து, எனது கையின்மேல் தமது கையை வைத்து இழுத்துக் காட்டிய பின்னரே அவ்வேகம் பிடிபட்டது. கலாநிதிப் பட்டத்துக்காகச் செலவிட்ட ஆண்டுகளில் இத்தகைய அவமானத்தை நான் அனுபவித்ததில்லை. இதனைச் சொந்தக் கதையாக அன்றி ஒரு சான்றாகவே இங்கு குறிக்கின்றேன். இத்தொழிலின் அறிவு ஏட்டில் இருந்ததன்று. தாயின் கையிலிருந்து மகளின் கைக்குச் சென்றது. சென்றடைய வேண்டிய கை வேலையற்றுப் போகும் ஒரு தலைமுறையில் அது நின்றுவிடும்.

வீட்டிலே கற்கப்பட்டமையாலேயே இது தொழிலெனக் கருதப்படாமற் போயிற்று. நெசவுக்குச் சாதி இருந்தது. சாதிக்குத் தலைவரும் தெருவும் கோயிலும் இருந்தன. நூற்பு எச்சாதிக்கும் உரியதன்று. பல்வேறு சாதிப் பெண்களும் நூற்றனர். வேளாண் குடும்பத்துப் பெண் ஓய்வு வேளையில் நூற்றாள், கைம்பெண் பகல் முழுவதும் நூற்றாள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பனிக்காக அளவாய்வு நடத்திய பிரான்சிஸ் புக்கானன், பாட்னா நகரையும் பீஹார் மாவட்டத்தையும் சேர்ந்த பகுதியில் மாத்திரம் 3,30,426 பெண்கள் நூற்றனர் எனக் கணக்கிட்டார். அவர்களுட் பெரும்பாலோர் பிற்பகலில் சில மணித்தியாலங்களே நூற்றவர். பஞ்சின் விலை நீங்கலாக ஒருத்திக்கு ஆண்டொன்றுக்கு எஞ்சியது ஏறத்தாழ 3¼ ரூபா. தொகை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் அது பெண்ணின் கையில் நேராக வந்த பணம். மூன்று லட்சம் குடும்பங்களின் வரவில் ஒரு பகுதியாகிய அது, எவருடைய தொழிலாகவும் எண்ணப்படாத தொழிலிலிருந்து வந்தது. 1976இல் அமியகுமார் பாக்சி கங்கைச் சமவெளி பீஹாரின் கைத்தொழிற் சிதைவை ஆராய்ந்தபோது, புக்கானனின் கணக்கே அவருக்கு ஆதாரமாயிற்று.

எதிர்ப்புறத்தில் இயந்திரம் நின்றது. 1760களில் ஹார்கிறீவ்ஸின் ஜெனி, 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்விசைக் கருவி, 1779இல் குரோம்ப்டனின் மியூல் என இங்கிலாந்தில் நூற்பு ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறிற்று. நூலின் நயத்தை அளக்க ஆங்கிலேயர் கொண்ட முறை, 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை சேர்ந்தால் ஒரு இறாத்தல் நிறையாகும் என எண்ணுவதாகும். 80ஆம் இலக்க நூலில் ஒரு இறாத்தல் 67,200 யார் நீளமிருக்கும். அத்தகைய நூல் 100 இறாத்தல் நூற்பதற்கு 18ஆம் நூற்றாண்டின் இந்தியக் கைந்நூற்பவருக்கு 50,000 மணித்தியாலத்துக்கு மேல் தேவைப்பட்டது. 1780 அளவில் மியூலில் அது 2,000 மணித்தியாலமாகவும், 1795 அளவில் விசையுதவி பெற்ற மியூலில் 300 ஆகவும், 1825இல் ரொபர்ட்ஸின் தானியங்கி மியூலில் 135 ஆகவும் குறைந்தது. திறமையாலோ சிக்கனத்தாலோ ஈடுசெய்யக்கூடிய இடைவெளியன்று இது. 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கம்பனியின் இந்திய வணிக ஏகபோகத்தை நீக்கியதும், இந்த இடைவெளி முழுமையாக இந்தியக் கிராமத்து முற்றத்தில் வந்து இறங்கிற்று. இயந்திரம் உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சி என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வளர்ச்சியின் விலையை எவர் செலுத்தினர் என்பதே வரலாற்றாசிரியன் கேட்கவேண்டிய கேள்வி.

செலுத்தியவர்களுள் ஒருத்தியின் குரல் தற்செயலாக நமக்குக் கிடைத்துள்ளது. 1828இல் ‘சமாச்சார் தர்ப்பண்’ என்ற வங்காள இதழில், சாந்திபூரைச் சேர்ந்த நூற்கும் பெண்ணொருத்தியின் முறையீடாக ஒரு கடிதம் வெளிவந்தது. அவள் இருபத்திரண்டு வயதில் கைம்பெண்ணானவள். மூன்று பெண் பிள்ளைகள். கணவன் விட்டுச்சென்றது ஒன்றுமில்லை. பட்டினி நெருங்கிய வேளையில் இராட்டையும் கதிரும் அவளைக் காத்தன. காலையில் வீட்டுவேலை முடித்து நண்பகல்வரை நூற்பாள். சமைத்து முதியோருக்கும் பிள்ளைகளுக்கும் உணவிட்ட பின் மீண்டும் நுண்ணிழை நூற்பாள். நெசவாளர் வீடு தேடி வந்து வாங்கிச் சென்றனர். கேட்டபோது முற்பணமும் தந்தனர். அவ்வருவாயிலேயே மூன்று பெண்களையும் மணமுடித்துக் கொடுத்தாள். இப்போது மூன்றாண்டுகளாக நெசவாளர் வருவதில்லை. அவள் ஆளனுப்பிச் சந்தையில் விற்க முயன்றாலும் முன்னைய விலையில் காற்பங்குகூடக் கிடைப்பதில்லை. விசாரித்தபோது, சீமை நூல் வந்து குவிவதாகச் சொன்னார்கள்.

அடுத்து அவள் கூறுவதே இக்கடிதத்தின் உயிர்நிலை. இவ்வளவு மலிவாக நூலை விற்பதாயின், அக்கரையில் இருந்து நூற்கும் பெண்கள் தன்னிலும் வறியவராக இருக்கவேண்டும் என அவள் எண்ணுகின்றாள். அவ்வளவு பாடுபட்டு நூற்றதை அங்கே விற்க முடியாமல் இங்கு அனுப்பியிருக்கிறார்களே என அவர்களுக்காக இரங்குகின்றாள். இயந்திரம் என்ற ஒன்றை அவள் அறியாள். நூல் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் விரல்கள் இருக்கவேண்டும் என்பதே அவள் அறிந்த உலகம். அக்கடிதத்தை எழுத்துருவாக்கியவர் எவராயினும், பண்டத்துக்குப் பின்னால் உழைப்பைக் காணும் அப்பார்வை பொருளியலாளர் பலருக்கு வாய்க்காதது. லங்காஷயர் ஆலைகளில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் அதிகமாக உழைத்த பெண்களையும் சிறுவரையும் நினைக்கும்போது, அவள் முற்றிலும் தவறாக எண்ணினாள் என்றும் சொல்வதற்கில்லை. கடிதத்தில் அவள் பெயரில்லை; துன்புறும் நூற்பவள் என்ற அளவிலேயே அது முடிகின்றது.

சாயத்தொழிலின் வரலாறு இதற்கு மாறானது. நூற்றல் வீட்டுக்குள் நிகழ்ந்தது. சாயமிடல் பெரும்பாலும் சாதிக்குள் நிகழ்ந்தது. நீலத்துக்கு அவுரி. அதன் சாயப்பொருள் நீரில் கரையாதது. ஆதலால் சுண்ணாம்பும் தகரை விதைக் கஞ்சியும் சேர்த்துத் தாழியிலே புளிக்கவைப்பர். பக்குவத்தைச் சாயக்காரன் மணத்தாலும் நுரையின் நிறத்தாலும் அறிவான். தாழியிலிருந்து எடுக்கும்போது மஞ்சளும் பச்சையுமாகத் தோன்றும் நூல் காற்றுப்பட்டதும் நீலமாகும். சிவப்புக்குச் சாயவேர், அதாவது இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர். பருத்தி இச்சிவப்பை எளிதில் ஏற்காது. நல்லெண்ணெயையும் சாம்பற் காரநீரையும் கலந்து அதில் நூலைத் தோய்ப்பதும் வெயிலில் உலர்த்துவதுமாகப் பல நாட்கள் மீண்டும் மீண்டும் செய்யவேண்டும். அதன்பின் படிகாரத்திலோ அதனைத் தன்னகத்தே கொண்ட காசா இலையிலோ ஊறவைத்து, வேர்ப்பொடியுடன் காய்ச்சுவர். மதுரைச் சௌராட்டிரர் இத்தொழிலிற் பெயர்பெற்றவர். அவர்தம் சிவப்பின் ஒளிக்கு வைகை நீரே காரணமெனக் கூறும் வழக்கும் உண்டு.

இச்சிவப்புக்கும் நமது மண்ணுக்கும் நெருங்கிய தொடர்பிருந்தது. மன்னார், யாழ்ப்பாணக் கரையோர மணற்பாங்கான நிலங்களில் விளைந்த சாயவேர் சோழமண்டலக் கரைவரை நற்பெயர் பெற்றிருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வேர் அகழ்தலைத் தமது ஏகபோகமாக்கினர். இதற்கென விதிக்கப்பட்ட சாதிப் பிரிவினர் குறித்த அளவு வேரைக் கடமையாகக் கொடுத்தல் வேண்டும். பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியிலும் அது அரச வருவாயின் ஒரு கூறாகவே நீடித்தது. மணலைக் கிளறி மெல்லிய வேரை அறாமல் எடுத்தவனது உழைப்பும் கூலியுழைப்பன்று, குடிமைக் கடமை. சோழமண்டலத்துச் சிவப்புத் துணியின் அழகைப் பாராட்டும் கலை வரலாற்று நூல்கள் இவ்வடித்தளத்துக்கு அரைப்பக்கமேனும் ஒதுக்கினால் நன்று.

1868இல் ஜேர்மனியிற் கிறேபேயும் லீபெர்மானும் சாயவேரின் சிவப்புக்கு ஆதாரமான அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். அடுத்த சில ஆண்டுகளில் அது சந்தைக்கு வந்தது. செயற்கை நீலம் 1897இல் வந்தது. வேர் அகழ்ந்தவர் தொழிலிழந்தனர். ஆனால் மதுரைச் சாயக்காரர் தமது எண்ணெய்த் தோய்ப்பு முறையை வைத்துக்கொண்டு, வேரின் இடத்தில் அலிசரினைப் புகுத்தித் தொழிலை நடத்தினர். அவர்களுக்குச் சாதியமைப்பும் கடன் வசதியும் வணிகத் தொடர்பும் இருந்தன. எண்ணெய் ஏற்றும் பக்குவத்தை ஜேர்மானியத் தொழிற்சாலை அழிக்கவில்லை. நூற்றவளின் பக்குவத்திலோ இயந்திரம் எதனையும் மிச்சம் வைக்கவில்லை.

அறுந்த இழையை மீண்டும் முடிய முயன்றவர் காந்தி. அம்முயற்சியின் தொடக்கம் கற்பவனின் அறியாமையாலானது. 1909இல் ‘ஹிந்த் சுவராஜ்’ எழுதியபோது தாம் இராட்டையையோ தறியையோ கண்ட நினைவில்லை என அவரே தமது சுயசரிதையில் ஒப்புக்கொள்கின்றார். ஆச்சிரமத்தில் முதலில் தறிகளே வந்தன. நெய்வதற்கு ஆலைநூலே கிடைத்தது. நூற்கக் கற்பிக்க ஒருவருமில்லை. 1917இல் அறிமுகமான கங்காபென் என்ற கைம்பெண் பல ஊர் அலைந்து, பரோடா சமஸ்தானத்து வீஜாப்பூரில் இராட்டைகளைக் கண்டுபிடித்தார். அங்குள்ள பல வீடுகளில் அவை பயனற்ற தட்டுமுட்டுப் பொருள்களாகப் பரணில் கிடந்தன. திரி கொடுத்து நூலை வாங்கிக்கொள்வதாயின் நூற்கத் தயார் என்று அப்பெண்கள் கூறினர். இக்கூற்றின் எளிமை கவனிக்கத்தக்கது. அவர்கள் மறந்துவிடவில்லை, மறுமலர்ச்சியையும் வேண்டி நிற்கவில்லை. நூலை வாங்குவார் இல்லாமையால் நிறுத்தியிருந்தனர்.

அதன் பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. 1921இல் இருபது லட்சம் இராட்டைகளை இயங்கச் செய்வதெனக் காங்கிரஸ் தீர்மானித்தது. 1924இல் பெல்காமில், உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 யார் நூல் சந்தாவாகத் தரவேண்டுமென விதிக்கப்பட்டது. அவ்விதியில் ஒரு சலுகையும் இருந்தது. தாம் நூற்க விரும்பாதவர் பிறர் நூற்றதைத் தரலாம். படித்த ஆடவர் விரல் வருந்தாமல் தேசபக்தராவதற்கு வறிய பெண்ணின் நூல் இவ்வாறு விலைக்கு வந்தது. 1925இல் தாகூர் இராட்டை வழிபாட்டைக் கண்டித்து எழுதினார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல் மனத்தை மழுங்கச் செய்யும் என்பது அவரது கவலை. நியாயமான கவலையே. ஆயினும் வீஜாப்பூர்ப் பெண்ணிடம் அவ்வினா கேட்கப்படவில்லை. அவளது மாற்றுவழி கவிதையன்று, பட்டினி. இடதுசாரிகளாகிய நம்மவரும் இராட்டையைப் பிற்போக்கின் சின்னமெனத் தள்ளிவிட்டு, அதனைச் சுழற்றியவளின் கூலியைப் பற்றிப் பேசாதுவிட்டனர்.

காந்திக்கு உரிய நியாயத்தையும் வழங்கவேண்டும். 1925இல் அமைந்த அகில இந்திய நூற்போர் சங்கம் அப்பெண்களுக்கு வழங்கிய ஊதியம் வாழ்வதற்குப் போதாது என்பதை அவர் பின்னர் எழுப்பினார். 1935இல் நூற்போருக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கப்பட வேண்டுமென்ற கொள்கையைச் சங்கம் ஏற்கச் செய்தார். கூலி கூடியதும் கதரின் விலை கூடியது, வாங்குவோர் முணுமுணுத்தனர். ஒருபுறம் வேள்வியாகவும் மறுபுறம் கூலியுழைப்பாகவும் ஒரே செயல் இருக்க முடியாது என்ற முரண்பாடு அங்கே வெளிப்பட்டது. 1928இல் அன்று, 1828இல் எழுதப்பட்ட சாந்திபூர்ப் பெண்ணின் கடிதத்தையும் அவரது ‘யங் இந்தியா’ 1931இல் மறுபிரசுரம் செய்தது. அப்போதும் அவளுக்குப் பெயரில்லை.

1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்திலும் கதர் நிதிக்குப் பணம் திரட்டப்பட்டது. பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற மாணவர் காங்கிரஸினர் அவரை வரவேற்றனர். மலாயாவிலிருந்து வந்த சம்பளமும் ஓய்வூதியமும் புழங்கிய யாழ்ப்பாணத்துக்கு நூற்பதைவிட நிதி கொடுப்பது எளிதாயிருந்தது. பருத்தித்துறை என்னும் பெயரையுடைய ஊர் இருக்கும் குடாநாட்டில், சாயவேர் அகழ்ந்த மணல்வெளிகளுக்கு அண்மையில், இந்தியப் பெண்களின் நூற்புக்காக உண்டியல் குலுங்கியது.

இலங்கையில் நூற்பு பின்னரும் வீட்டுக்குத் திரும்பவில்லை; திரும்பியது நெசவே. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, வடக்கிலும் கிழக்கிலும் தெற்கிலும் கைத்தறி நிலையங்கள் பெருகின. கிராமத்து இளம்பெண்கள் பயிற்சி பெற்றுத் தறியில் அமர்ந்தனர். நூல் ஆலையிலிருந்து பங்கீடாக வந்தது. 1977இன் பின் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டுத் துணி சந்தையை நிறைத்தது; நிலையங்கள் பல மூடப்பட்டன. இவ்விளம்பெண்களிடமும் வாங்குவார் வருவது நின்றது. ஆனால் ஒரு வேறுபாடுண்டு. இவர்கள் பயிற்சி பெற்றவர்களாகவும் கூலி பெற்றவர்களாகவும் பதிவேடுகளில் எழுதப்பட்டவர்கள். எந்தக் கிராமத்தில் எத்தனை பேர் எந்த ஆண்டில் தறியை விட்டு எழுந்தனர் என்பதை, அப்பதிவேடுகள் எஞ்சியுள்ள இடங்களில், ஒருவர் அமர்ந்து எண்ணிவிட முடியும்.